கஸ்தூரி அக்காவின் இடது கழுத்து

கஸ்தூரி அக்காவைக் கொன்றது நோய் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்து படம் வரைந்த பன்னிரண்டு பேரும் சேர்ந்து கொன்றோம். அந்தப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். கோபத்தில் வாய்க்கு வந்ததை எழுதவில்லை. தேதி போட்ட தாள்கள் என் மேசைமேல் இருக்கின்றன.

செய்தி ஒரு சனிக்கிழமை காலை வந்தது. மாம்பலம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக நின்றுகொண்டிருந்தேன். அக்காவின் மகள் செல்வி கூப்பிட்டாள். "அண்ணா, அம்மா பூட்சு" என்றாள். அழவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் யாரை அதட்டுகிறார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் செல்வி போனை வைத்துவிட்டாள். வந்த வண்டியில் ஏறாமல் நின்றேன்.

எங்கள் ஓவியக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தியைப் போட்டேன். உடனே கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. குழுவை நடத்தும் ராகவன் சார், அக்காவை வரைந்த படங்களில் ஒன்றைப் போட்டார். சாம்பல் நிறத் தாள், கார்பன் பென்சில், கொஞ்சம் வெள்ளை. அக்கா முகத்தை வலப்பக்கம் திருப்பியிருப்பார். காறை எலும்புக்கு மேலே, கழுத்தின் இடதுபக்கம் ஒரு மேடு. அதன் கீழே கன்னங்கரேலென்று நிழல், உச்சியில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. அதைப் பார்த்து ஒருவர் எழுதினார்: "என்ன ஒரு கழுத்து!" அதற்கு ஏழு பேர் இதயம் போட்டார்கள்.

அந்த மேடுதான் அக்காவைக் கொன்ற நோய் வெளியில் காட்டிய முதல் அடையாளம். அதை நாங்கள் ஒன்பது மாதம் வரைந்தோம்.

அக்காவைத் தெரிந்தவர்கள் இரண்டு இடத்தில் இருக்கிறார்கள். நொச்சிக்குப்பத்தில், சாலையோரம் அவர் பக்கத்தில் குந்தி மீன் விற்றவர்கள். மந்தைவெளியில், ராகவன் சார் வீட்டு மாடியில் அவரைப் பார்த்துப் படம் போட்டவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது என்பதால் சிலவற்றை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா எங்களிடம் வந்தது போன வருடம் தை மாதம். எங்கள் குழுவில் ஒரு வங்கி அதிகாரி உண்டு. அவர் அக்காவிடம் வாராவாரம் மீன் வாங்குகிறவர். ஒருநாள், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார முடியுமா, வரைந்துகொள்கிறோம், காசு தருகிறோம் என்று கேட்டிருக்கிறார். முதல் நாள் மாடிப்படி ஏறி வந்த அக்கா அதைத்தான் முதலில் சொன்னார்: "மீனு வாங்க வந்தவரு மூஞ்சியக் கேக்குறாருன்னு எம்பொண்ணு ஒரே சிரிப்பு." இருபது நிமிடம் அசையக் கூடாது, பிறகு ஐந்து நிமிடம் ஓய்வு என்று விளக்கினோம். "பொணமாட்டம் குந்திக்கினு இருக்கணும், அவ்ளோதானே நைனா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

அக்கா தோளைச் சுற்றி எப்போதும் ஒரு ஈரிழைத் துண்டு போட்டிருப்பார். சாலையில் வெயிலுக்காகப் போட ஆரம்பித்து, பிறகு வீட்டிலும் எடுக்காத பழக்கம். தூங்கும்போதுகூட அது கழுத்தைச் சுற்றி இருக்கும் என்று செல்வி சொல்வாள். ராகவன் சார் அன்று, "அந்தத் துண்டை எடுத்துடும்மா. கழுத்து தெரிஞ்சாத்தான் தலை எப்படி நிக்கறதுன்னு தெரியும்" என்றார். அக்கா ஒரு கணம் யோசித்துவிட்டு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொண்டையையும் தூக்கிக் கட்டச் சொன்னோம். அதற்குப் பிறகு, வாரத்தில் ஏழு நாளில், அக்காவின் கழுத்து வெளிச்சத்தில் இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். அதைப் பார்த்தது நாங்கள் மட்டும்தான். இதைக் குப்பத்தில் இருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்பன் பென்சிலைப் பற்றி ஒரு வார்த்தை. அது சாதாரணப் பென்சில் போலப் பளபளக்காது. கரி போல மங்கலாக, ஆழமாகக் கறுக்கும். சாம்பல் தாளில் அதைக் கொண்டு வரையும்போது தோலின் நிறத்தைத் தனியாகப் பூச வேண்டியதில்லை. தாளை அப்படியே விட்டுவிட்டால் அதுதான் தோல். இருட்டுக்குக் கார்பன், கடைசி ஐந்து நிமிடத்தில் வெளிச்சத்துக்கு வெள்ளை. அக்கா முதல் வாரமே என் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மூக்கு மேல இம்மாம் சுண்ணாம்பு அடிச்சு வச்சிக்கீற" என்றார். மற்ற இடத்தில் எதுவும் பூசவில்லையே என்று கேட்டார். அங்கெல்லாம் தாள்தான் நீங்கள் அக்கா என்றேன். "அப்போ வேலையே செய்யாம வுட்ட எடம்லாம் நானு" என்று சொல்லி டீயைக் குடித்தார்.

அந்த டீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். அக்காவுக்குக் காகிதக் கோப்பை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கா மட்டும் ஒருமுறை, "எனக்குத்தான் வாரா வாரம் புதுக் கப்பு, உங்களுக்குல்லாம் பழசு" என்று சொல்லிச் சிரித்தார். யாரும் தலை நிமிரவில்லை. திடீரென்று எல்லாருக்கும் பென்சில் சீவ வேண்டியிருந்தது.

அவர் சிரிக்கிற ஆள். குப்பத்தில் கேட்டால் சொல்வார்கள், பேரம் பேசுகிறவரைச் சிரிக்க வைத்தே கேட்ட விலையை வாங்கிவிடுவார். ஆனால் எங்கள் பன்னிரண்டு பேர் தாளிலும் அக்கா ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. ஓய்வு நேரத்தில் சிரித்த முகம் கண்ணெதிரே இருக்கும். வரையும்போது சோகம் வந்துவிடும். மீன் விற்கிற பெண், கறுத்த முகம், உழைத்த கழுத்து என்றால் சோகம்தான் என்று எங்கள் கை முன்பே முடிவு செய்திருந்தது. "இருக்கறதை வரையாதே, உணர்ச்சியை வரை. நிழலைத் தேடு" என்பார் ராகவன் சார். நாங்கள் தேடினோம். ஒவ்வொரு ஞாயிறும் வரைந்து முடித்ததும் தாளின் வலது கீழ் மூலையில் தேதி போட்டு, வரிசையாகச் சுவரில் குத்துவது எங்கள் வழக்கம். ஒருநாள் அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துக்கொண்டே நடந்த அக்கா, "எவன் ஊட்டு எழவுடா இது?" என்று கேட்டார்.

எங்களில் ஒருவர் டாக்டர். ஓய்வு பெற்ற பெண்மணி, அடையாறிலிருந்து வருவார், நன்றாக வரைவார். ஆவணியில் ஒருநாள், பக்கத்தில் இருந்த வங்கி அதிகாரியின் கை நடுங்குவதை அவர் கவனித்தார். வரைவதை நிறுத்திவிட்டு அவர் விரல்களை நீட்டச் சொன்னார், கேள்விகள் கேட்டார், ஒரு நிபுணருக்கு அங்கிருந்தே போன் செய்தார். மறுவாரம் அதிகாரி பரிசோதனை முடித்து மருந்தோடு வந்தார். நல்ல காரியம். அதைக் குறை சொல்லவில்லை. அதே அறையில், நான்கடி தூரத்தில், அக்கா உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இப்போது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் மேலே உள்ளதையெல்லாம் எழுதினேன்.

அன்று நான் அக்காவின் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரலை நகர்த்தி அளவெடுத்தேன். வலது கழுத்தும் இடது கழுத்தும் ஒத்துவரவில்லை. இரண்டாம் முறை அளந்தேன். காறை எலும்புக்கு மேலே எலுமிச்சையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி ஒரு வீக்கம். இருந்ததை இருந்தபடி போட்டேன். ராகவன் சார் பின்னால் வந்து நின்றார். "இடது பக்கம் அளவு தப்பிடுத்து பாரு. மனுஷக் கழுத்து இப்படி இருக்காது" என்றார். என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, காதிலிருந்து தோள்வரை நேராக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். இரண்டு முறை அளந்தேன் சார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்பது வருடம் வரைந்தவர் சொல்கிறார், நம் கண்தான் தப்பு என்று நம்பினேன். அவரை ஒரு முறை அக்காவின் கழுத்தைப் பார்க்கச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓய்வு மணி அடித்தது. அக்கா எழுந்து, டீயோடு என் பின்னால் வந்து நின்றார். நான் இன்னும் அழிக்கவில்லை.

"நைனா, இங்க இன்னா உருண்டையா ஒண்ணு கீது?"

அக்கா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். விரல் அந்த இடத்திலேயே நின்றது. "வலிக்கக்கூட இல்லியே. நெசமாவே கீதா?" என்றார்.

"அது நிழல்மா. மேலேர்ந்து வெளிச்சம் விழறதோல்லியோ. பையன் கொஞ்சம் தப்பாப் போட்டுட்டான்" என்றார் ராகவன் சார்.

அக்கா சாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அறையில் அவர் நம்பியது என்னைத்தான் என்று நினைக்கிறேன். நான் மட்டும்தான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

"ஆமாக்கா. தப்பாப் போட்டுட்டேன்" என்றேன்.

மாவு மாதிரி பிசைகிற ரப்பரை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். டாக்டர் தலையைத் திருப்பி ஒரு நொடி பார்த்துவிட்டு மறுபடி தன் தாளுக்குத் திரும்பினார். அக்கா, "நானு பயந்தே பூட்டேன் போ" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு நாற்காலிக்குப் போனார்.

அதற்குப் பிறகு யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்று ஒரு பையன் ரப்பரால் நிரூபித்துவிட்டான் அல்லவா. மேடு வளர்ந்தது. மற்றவர்கள் அதை வரைய ஆரம்பித்தார்கள். அது அழகான நிழலைக் கொடுத்தது. ஐப்பசியில் அக்காவின் கன்னம் ஒட்டத் தொடங்கியது. கார்த்திகையில் காறை எலும்பையொட்டிக் குழிவிழுந்து, கார்பனை அழுத்திப் போட நல்ல இடம் கிடைத்தது. "இப்போதான் முகம் வந்திருக்கு" என்றார் ராகவன் சார். எங்கள் படங்கள் உண்மையிலேயே மேம்பட்டன. இருபது நிமிடம் உட்கார்ந்தவர் பத்தாவது நிமிடத்திலேயே இருமி அசைந்தார். கோணம் மாறிவிடுகிறது என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அதில் ஒருவன் நான்.

மார்கழியில் தி. நகரில் ஒரு சிறிய கூடத்தில் கண்காட்சி வைத்தோம். பதினெட்டுப் படம் அக்காவுடையது. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. 'மீனவப் பெண்', 'அலைக்குப் பின்', 'காத்திருப்பு' என்று போட்டிருந்தோம். டாக்டர் வரைந்த கழுத்துக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். அக்காவை யாரும் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. அன்று வியாபார நேரம், வர மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாசியில் அவர் வருவது நின்றது. மறுவாரமே ஒரு காவலாளியை உட்கார வைத்தோம். அவர் நன்றாக அசையாமல் இருந்தார்.

சாவுக்குக் குழுவிலிருந்து நான் ஒருவன்தான் போனேன். நொச்சிக்குப்பத்துக் குடியிருப்பின் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அக்காவின் கழுத்தைச் சுற்றி அந்தத் துண்டு இருந்தது. செல்வி தலைமாட்டில் இல்லை, மாடிப்படிக்குக் கீழே தனியாக நின்றிருந்தாள். பக்கத்தில் போனபோதுதான் போனில் கேட்ட அதட்டல் யாருக்கானது என்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், ஏழெட்டு மாதம் முன்பே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அக்காவின் தம்பி, செல்வியின் மாமா, ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்கு எப்படித் தெரியாமல் போனது? செல்வி தி. நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். காலையில் போனால் இரவு பத்துக்கு வருவாள், ஞாயிறும் வேலை. மாமா என் காதுபடவே சொன்னார்: "பெத்தவ கழுத்தப் பாக்க நேரமில்ல. எவளெவளுக்கோ பொடவை விரிச்சிக் காட்டிக்கினு இருந்தா." பதினாறாம் நாள் காரியத்தில் அவள் முன்னால் நிற்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். பெண்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை.

செல்வி என்னிடம் மெதுவாகப் பேசினாள்.

"ஆடி மாசம் ஒரு நாளு அம்மா வந்து சொல்லிச்சுண்ணா. கழுத்துல இன்னாவோ இருக்கறாப்புல கீது, ஆனா ஒண்ணுமில்லியாம், படிச்சவங்க பன்னெண்டு பேரு பாத்துட்டு சொல்ட்டாங்கன்னு. நானும் சரின்னு வுட்டேன்." பிறகு கேட்டாள்: "படத்துல தேதி போடுவீங்கல்ல? எப்போலேந்து அது கீதுன்னு பாத்துச் சொல்லுண்ணா."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ரப்பரைப் பற்றி அன்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

வீட்டுக்கு வந்து என் தாள்களைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பினேன். சித்திரையில் கழுத்து சமமாக இருக்கிறது. வைகாசியில் மூன்று வாரம் நான் போகவில்லை. ஆனி முதல் வாரத்தில் இடது பக்கம் லேசாக ஒரு நிழல், நான் போடுகிறேன் என்று தெரியாமலே போட்டது. ஆடியில் நான் அழித்த இடம். கார்பன் பென்சில் முழுதாக அழியாது. ரப்பர் மேலே உள்ளதை எடுக்கும், மிச்சம் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். நேர்க்கோட்டுக்குப் பின்னால் அந்த உருண்டை மங்கலாக அப்படியே இருக்கிறது.

ஐந்தாம் நாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்ச் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, "நீ ஒருத்தன் சொன்னா மாமா நம்பாது. பரிதாபப்பட்டு இட்டுக்கட்றேன்னும். பாத்தவங்க அல்லாரும் வரட்டும்" என்றாள்.

ராகவன் சாரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கண் கலங்கினார். "இப்போ அதைக் கிளறி என்ன ஆகப்போறது? போனவா வரப்போறாளா?" என்றார். டாக்டர் போனில், "அவளுக்கே தெரிஞ்சிருக்கும், எங்கயாவது காட்டிட்டு இருப்பான்னு நெனச்சேன்பா. ஞாயித்துக்கெழமை நான் படம் போட வர்றவ" என்றார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நம் வீட்டு மனிதருக்கு என்றால் யாரும் அப்படி நினைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று மீந்திருப்பது இரண்டு. என் தலையில் அவர் தட்டிய அந்தத் தட்டு. அதற்கு ஒரு நிமிடம் முன்பு நான் அழித்த அந்த இடம். வேலையே செய்யாமல் விட்ட இடமெல்லாம் நான் என்றார் அல்லவா, அந்த ஓர் இடத்தில் நான் வேலை செய்துவிட்டேன். தாளைச் சட்டம் போட்டு மாட்ட மாட்டேன். மேசைமேலேயே கிடக்கும்.

குழுவில் நான்கு நாட்களுக்கு முன் ஒரு வேண்டுகோள் போட்டேன். கும்பிடும் கைகள்கூட வரவில்லை. இரண்டு பேர் குழுவை விட்டு விலகினார்கள். அதனால் இங்கே, எல்லாரும் படிக்கிற இடத்தில், மறுபடி கேட்கிறேன்.

வருகிற ஞாயிறு அக்காவுக்குப் பதினாறாம் நாள். உங்கள் தாள்களை எடுங்கள், வைகாசியிலிருந்து. கண்காட்சியில் விற்றிருந்தால் போட்டோவை எடுங்கள். தேதி வரிசைப்படி அடுக்கி நொச்சிக்குப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். அக்காவின் தம்பி முன்னால் விரித்து, நாங்கள் பார்த்தோம், உங்கள் மருமகள் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். நான் காலை ஏழு மணியிலிருந்து பந்தல் வாசலில் நிற்பேன். மேடு தெரிகிற முதல் தாளில் என்ன தேதி என்று செல்வி கேட்கிறாள். சொல்லுங்கள்.